சவடமுத்து உட்காராத பந்தி

சவடமுத்து சொல்லும் அந்தக் கதையைத் தெய்வேந்திரன் பல வருஷமாகவே நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. சவடமுத்து அவன் மனைவி தமயந்தியின் அக்கா சொர்ணத்தைக் கட்டியவர், மூத்த சகலை, வயதிலும் பெரியவர். காதுகுத்திலோ கல்யாணத்திலோ நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால் கதையை எடுத்துவிடுவார். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் தெய்வேந்திரனும் சிரித்து வைப்பான். அவருக்கு வாயில் புற்று வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் இடதுபக்கத் தாடையில் ஒரு பாதியை அறுத்து எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து சதையைத் திருப்பிக் கொண்டுவந்து கன்னத்துக்குள் வைத்துத் தைத்தார்கள். அப்புறம் கரண்ட் என்று கதிர்வீச்சு வைத்தார்கள். அடுத்த மாசமே எழுந்து உட்கார்ந்து நல்லி எலும்பைக் கடித்து உறிஞ்சினேன், எமன் வந்து எட்டிப் பார்த்துட்டு, இவன் இன்னும் கை கழுவலையேன்னு திரும்பிப் போயிட்டான். இதுதான் கதை. முதல் தடவை கேட்டபோது அதில் நல்லி எலும்பு இல்லை, இட்லிதான் இருந்தது. வருஷம் ஏற ஏற இட்லி தோசையாகி, தோசை கோழியாகி, கடைசியில் எலும்பில் வந்து நின்றது. தெய்வேந்திரன் மின்வாரியத்தில் திருட்டு மின்சாரம் பிடிக்கிற பிரிவில் இருப்பவன். பெட்டியைத் திறக்கும் முன்பே ‘சீல் எல்லாம் அப்படியே இருக்கு சார், பாத்துக்கங்க’ என்று சொல்கிற வீட்டில்தான் சீல் உடைந்திருக்கும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனைக் கண்டால் அவனுக்கு உள்ளங்கை அரிக்கும். நல்லா சாப்பிடுறீங்களா என்று சகலையை யாரும் கேட்டதில்லை. அவராகத்தான் சொன்னார், அதுவும் ஒவ்வொரு விசேஷத்திலும். ஆனால் இத்தனை விசேஷத்தில் அவர் வாய்க்குள் ஒரு பருக்கை போனதைத் தெய்வேந்திரன் பார்த்ததில்லை. பந்தி என்றால் சவடமுத்துதான் என்று சொந்தத்தில் பேர். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டைப் போட்டு, வலது கையில் சாம்பார் வாளியோடு முதல் பந்திக்கு இறங்கினால் எல்லோரும் எழுந்து போகிறவரைக்கும் அந்த வாளி கீழே இறங்காது. நீங்க உக்காருங்கண்ணே என்றால், நான் கடைசிப் பந்தியில உக்காந்துக்கிறேன் என்பார். அந்தக் கடைசிப் பந்தி எப்போது நடக்கும், எங்கே நடக்கும் என்பது ஒருத்தருக்கும் தெரியாது.

இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். நாளை திங்கட்கிழமை காலையில் மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிறேன், அல்லது படுக்கவில்லை என்று தெய்வேந்திரன் பதில் சொல்ல வேண்டும். கட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். திண்டுக்கல்லில் பங்குனி வெயில் தார் உருகுகிற மாதிரி இருந்தது. மண்டபத்துக்குள் காற்றாடிகள் எல்லாம் ஓடியும் புழுக்கம் குறையவில்லை. தமயந்தியின் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம், தாலி கட்டி முடிந்து மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் சாப்பாட்டுக் கூடத்து வாசலை ஒட்டின தூணருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உள்ளேயும் தெரிகிற மாதிரி, தன்னை யாரும் கூப்பிடாத மாதிரி உட்கார்ந்திருந்தான். நாக்கு இடது கன்னத்துக்குள் போனது. போகாதே என்று இழுத்துக்கொண்டான். திரும்பவும் போனது. அங்கே கீழ்க் கடைவாய்ப் பல்லை ஒட்டி, ஒரு காலத்தில் டூட்டியில் புகையிலையை ஒதுக்கி வைக்கிற அதே பள்ளத்தில், சொரசொரவென்று ஒன்று இருக்கிறது. முதலில் பாலாடை மாதிரி வெள்ளையாக ஒரு படலம்தான். பல் குத்துகிறது என்று நினைத்தான். பல் டாக்டர் பல்லை ராவிவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார், இவன் போகவில்லை, புண் போயிருக்கும் என்று நாக்கைக் கேட்டான், போயிருச்சு என்று நாக்கு சொன்னது. நாக்கும் பொய் சொல்லும். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியபோது தமயந்தியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு என்னமோ பேசினார்கள், அவள் வெளியே வந்து, ஒண்ணும் இல்லீங்க, சின்ன ஆபரேஷன்தானாம் என்றாள். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு ஆபரேஷன் என்று கேட்டான். அவள் மூக்கைச் சிந்தினாள். அதற்குமேல் அவனே டாக்டர் அம்மாவின் அறைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டான். சின்னப் பெண், அவன் மகள் வயதுதான் இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு விரல் போகிறதா, மூன்று விரல் போகிறதா என்று பார்த்தாள். இரண்டுதான் போனது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு தாடையை வரைந்து, அதன் கீழ் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். இந்த அளவு எலும்பு, கழுத்தில் இந்த நெறிகட்டிகள், நெஞ்சிலிருந்து இவ்வளவு சதை. துணிக்கடையில் அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். மூக்கு வழியாகக் குழாயில் கொஞ்ச நாள் சாப்பாடு. அப்புறம் தேவைப்பட்டால் கரண்ட். மின்சாரத்தைக் கண்டாலே எச்சரிக்கையாக இருந்து பழகின அவனுக்கு அந்த ஒரு சொல்லில் மட்டும் சிரிப்பு வந்தது.

பிழைப்பேனா என்று அவன் கேட்கவில்லை. பிழைச்சவங்க எத்தனை பேர் என்று கேட்டான். உங்க நிலைமையில இருக்கிறவங்க பத்துப் பேர்ல ஆறேழு பேர் அஞ்சு வருஷம் தாண்டி நல்லா இருக்காங்க என்றாள். மற்ற மூணு நாலு பேர் எங்கே என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அவள் கோப்பைப் பார்த்து, நீங்க திண்டுக்கல்லா, உங்க ஊர்ப்பக்கம் சவடமுத்துன்னு ஒருத்தர் இருக்காரே, எங்க பெரிய டாக்டர் பண்ணின கேஸ், அவர்கிட்ட பேசிப் பாருங்க, தைரியம் வரும் என்றாள். அங்கேதான் தெய்வேந்திரனுக்குச் சுருக்கென்றது. எல்லோரும் அவரையே காட்டுகிறார்கள். தமயந்தியும், அத்தானைப் பாருங்க, கிண்ணுன்னு இருக்காரா இல்லையா என்கிறாள். ஆஸ்பத்திரியும் அவரையே காட்டுகிறது. உயிரோடு இருப்பவனைத்தானே கூட்டிவந்து காட்ட முடியும்? செத்துப்போனவன் எந்த அறையில் வந்து உட்கார்ந்து, தம்பி, இப்படி ஆயிப்போச்சு என்று சொல்லப்போகிறான்? அவனோடு மின்வாரியத்தில் இருந்த போர்மேன் அந்தோணிசாமியை ஏன் யாரும் சொல்லவில்லை? அதே மாதிரி கன்னம், அதே மாதிரி கத்தி. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போனபோது தோளில் ஒரு துண்டு, அது நனைந்ததும் இன்னொரு துண்டு, பேச வாயைத் திறந்தால் எச்சில்தான் முதலில் வந்தது, பேச்சு பின்னால் வந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. அந்தத் துண்டு தெய்வேந்திரனுக்கு இப்போது கண் முன்னால் வந்துவிட்டது, பச்சைக் கரை போட்ட துண்டு, கரை மட்டும் காய்ந்திருந்தது. சரி, அந்தோணிசாமிக்குக் கழுத்தில் கட்டி எலுமிச்சம்பழம் அளவு ஆன பிறகுதானே போனார்? ஆமாம், அதுவும் உண்மைதான். அதை நினைக்கும்போது மட்டும் மனசு வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறது, கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டி மாதிரி. ஏன் தாண்டுகிறது? தன்னைத்தானே மடக்கிப் பிடிக்கிற பழக்கமும் அவனுக்கு உண்டு. மண்டப வாசலில் நிற்கும் அவன் பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியில் ஒரு பாட்டில் இருக்கிறது. நத்தம் போகிற வழியில் ஒரு வைத்தியர் கொடுத்தது, கறுப்பாக, கசப்பாக, மூடியைத் திறந்தால் வேப்பெண்ணெய் வாடை. கத்தி படாமல் கரைத்துவிடலாம், கத்தி பட்டால்தான் அது பரவும் என்று அவர் சொன்னார். தமயந்திக்குத் தெரியாது. டாக்டரைச் சந்தேகப்பட்டான், பொண்டாட்டியைச் சந்தேகப்பட்டான், நாக்கைச் சந்தேகப்பட்டான், சகலையைச் சந்தேகப்பட்டுப் பல வருஷம் ஆகிறது. அந்த வைத்தியரிடம் மட்டும் நீங்க குணப்படுத்தின ஆள் ஒருத்தரைக் காட்டுங்க என்று ஏன் கேட்கவில்லை? கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

உள்ளே இரண்டாவது பந்தி உட்கார்ந்தது. இலை விரித்துத் தண்ணீர் தெளிக்கிற சத்தம், மடக்கு நாற்காலிகள் தரையை உரசுகிற சத்தம். சவடமுத்து வாளியோடு வந்தார். தாடி நன்றாக நரைத்துவிட்டது, ஆனால் அடர்த்தி குறையவில்லை. ஆபரேஷனுக்கு முந்தி மழுமழுவென்று சிரைத்துக்கொண்டு திரிந்த மனிதர். தாடிக்குள் எதையும் ஒளிக்கலாம். இடது தோள் வலது தோளைவிடத் தணிந்து இருந்தது, வாளியின் கனம் என்று நினைக்கலாம், ஆனால் வாளி வலது கையில் அல்லவா இருந்தது? போன வருஷம் ஒரு வளைகாப்பில் உயரத்தில் மாட்டியிருந்த வாழைத்தாரை அவிழ்க்க யாரையோ கூப்பிட்டதை அவன் கவனித்து வைத்திருந்தான். இந்த மாதிரி எத்தனையோ கவனித்து வைத்திருக்கிறான். அதில் பெரியது ஐஸ் குச்சி. பந்தி முடிந்து ஐஸ்கிரீம் கொடுப்பார்களே, அதோடு வருகிற தட்டைக் குச்சிகளை, பிரிக்காத காகிதத்தோடு இருப்பதாகப் பார்த்து, சவடமுத்து ஒரு கை அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பேத்தி வீடு கட்டி விளையாடுறாளா அண்ணே என்று கேலி பேசினால், ஆமா, ரெண்டாவது மாடி எழும்பிக்கிட்டிருக்கு என்பார். அவருக்குப் பேத்தியே கிடையாது, இரண்டு பேரன்கள், இருவரும் துபாயில். இதையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்துத்தான் தெய்வேந்திரன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். முடிவு என்ன முடிவு, இரண்டு முடிவுகள். ஒன்று, அது புற்றே கிடையாது, ஏதோ கொப்புளத்தை அறுத்துவிட்டுப் பெரிய பேர் வைத்து அனுப்பிவிட்டார்கள், மனிதர் அந்தப் பேரை வைத்து இத்தனை காலம் பிழைப்பு ஓட்டுகிறார். இரண்டு, அது புற்றுதான், அறுத்த அறுப்பில் மனிதரால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, வெளியே சிங்கம் மாதிரி வளைய வந்துவிட்டு வீட்டில் மூக்குக் குழாயோடு படுத்துக்கிடக்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டையும் விடவில்லை. எது உண்மையானாலும் நாளைக்கு அவன் போகவேண்டாம் என்று ஆகிறது. எனக்கு உண்மை வேணுமா, போகாம இருக்க ஒரு சாக்கு வேணுமா? காற்றாடியைப் பார்த்தான். ஒரு இறக்கை லேசாக வளைந்திருந்தது, அது சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் தட்டியது.

பெண்ணின் சித்தப்பா கையைப் பிடித்து இழுத்தார், வாங்க மச்சான், அடுத்த பந்திக்கு எடம் இருக்கு என்று. ரசத்தை நினைத்ததும் இடது கன்னம் எரிந்தது. ஒரு வாரமாக மோர்ச்சோறுதான், மிளகாய் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. இந்தக் கூட்டத்துக்கு நடுவில், இலைக்கு முன்னால், ஒவ்வொரு உருண்டையையும் வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு முகம் கோணாமல் உட்கார்ந்திருக்க முடியுமா? நான் கடைசிப் பந்தியில உக்காந்துக்கிறேன் என்றான். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. வார்த்தை பிசகாமல், அந்த இழுப்போடு, அப்படியே வந்திருந்தது. சித்தப்பா சிரித்தார், சகலைக்குச் சகலை சோடை போகலை, பின்னே ஒரு வாளியை எடுத்துக்கங்க என்று. அவர் சத்தமாகப் பேசுகிறவர். கூடத்தில் வாளியோடு குனிந்திருந்த சவடமுத்து நிமிர்ந்து இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சாதாரணமாகத்தான் பார்த்தார், ஆனால் தெய்வேந்திரனுக்கு மீட்டர் பெட்டியைத் திறந்தது தான் இல்லை, வேறு யாரோ தன் பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று தோன்றியது. தமயந்தி சொல்லியிருப்பாளோ? யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். அக்காவிடம் சொல்வதை அவள் சொல்வதாகவே நினைக்கமாட்டாள். அவள் அப்போதுதான் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், முகம் வீங்கியிருந்தது, பூ வாடியிருந்தது. பாயசம் மட்டுமாவது ஆற வச்சுத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். பிறகு, முழங்காலைப் பார்த்துக்கொண்டு, வண்டிப் பெட்டியில் என்னமோ கசிஞ்சு வாடை அடிக்குதுங்க, துடைச்சு வச்சேன் என்றாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. பாட்டிலைத் தூக்கிப் போட்டாளா, மூடியை இறுக்கி வைத்தாளா என்று அவள் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. அவளாவது கேட்டிருக்கலாம், இது என்ன, யார் குடுத்தது, என்னைக்கு வாங்கினீங்க என்று. கேட்காமல் விட்டால் அதற்கு எதைப் பதிலாகச் சொல்வது? அத்தானை ஒரு வார்த்தை கேளுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மூன்றாவது பந்தி எழுந்தது. சமையல்காரர்களும், நாயனக்காரர்களும், இலை எடுக்கிற பெண்களும் ஒரு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் சவடமுத்துதான் பரிமாறினார், அப்பளத்தை நொறுக்காமல் வைத்தார், ஒரு கிழவருக்கு ரசத்தைக் கையில் ஊற்றினார். எல்லாம் முடிந்தது. தெய்வேந்திரன் தூணுக்கு இந்தப் பக்கம் அசையாமல் இருந்தான். ஆள் பிடிக்கப் போகும்போது தெருமுனையில் ஜீப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது இப்படித்தான், காதில் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். சவடமுத்து வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். துண்டால் முகம் துடைத்தார். ஒரு இலை, ஒரு பாத்திரம், ஒரு சொம்பு, எல்லாவற்றையும் வலது கையிலும் இடுப்பிலுமாக அணைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் காய்கறி மூட்டை போடுகிற அறைக்குப் போனார். சட்டைப் பை புடைத்திருந்தது. தெய்வேந்திரன் எழுந்தான். ஈரத் தரை, முட்டைக்கோஸ் தழை, அணைந்த அடுப்பின் சூடு. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தக்காளிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். முதலில் சட்டைப் பையிலிருந்து குச்சிகளை எடுத்தார். காகிதத்தைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு, அந்தக் கட்டை முன்பற்களுக்கு நடுவில் வைத்தார். வைத்து, கண்ணை மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார். பிறகு இன்னொரு குச்சியை அந்தக் கட்டுக்கு நடுவில் மெதுவாக அழுத்திச் செருகினார். வாய் ஒரு நூல் அதிகம் திறந்தது. கண்ணோரம் சுருங்கியது. இன்னொன்று. பூட்டிக்கொண்ட கதவை முட்டுக் கொடுத்துத் திறக்கிற மாதிரி. அப்புறம் கட்டை எடுத்துத் துண்டில் வைத்துவிட்டு, ரசத்தில் சோற்றைக் கூழாகப் பிசைந்தார். தலையை வலது பக்கம் சாய்த்து, சின்ன உருண்டையை விரலாலேயே உள்ளே கொண்டுபோய் வலது கோடியில் வைத்தார். மெல்லவில்லை, நாக்கால் அழுத்தினார், ஒரு வாய் மோர் விட்டு இறக்கினார். இறக்கியதும் உடனே துண்டை எடுத்து இடது உதட்டோரத்தை ஒற்றினார், அங்கே எதுவும் வழியவில்லை. வழிந்தால் தெரியாது போல, அதனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒற்றினார். வடையை விடவில்லை. அதைப் பிய்த்து, ரசத்தில் ஊறப்போட்டு, பஞ்சாக்கி, அதையும் உள்ளே வைத்து, கொஞ்ச நேரம் விழுங்காமல் வைத்திருந்தார். தெய்வேந்திரன் அந்த முகத்தில் அவமானத்தைத் தேடினான், வேதனையைத் தேடினான். கம்பத்தின் மேலே கயிற்றைக் கட்டிக்கொண்டு மின்சாரம் ஓடுகிற கம்பியில் வேலை செய்கிற லைன்மேன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வேறு எதையும் நினைக்கக்கூடாது என்கிற முகம். அதற்கடியில், வடை கரைந்துகொண்டிருந்த நேரத்தில், வேறு ஒன்றும் இருந்தது. அது ருசிதான் என்று அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

“கதவைச் சாத்திட்டு வா, சகல,” என்றார் சவடமுத்து, திரும்பாமலே. “காத்து வாங்கவா அங்க நிக்கிற?”

தெய்வேந்திரன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். உட்கார இடமில்லை, வெங்காய மூட்டையின் ஓரத்தில் ஒண்டினான். பல வருஷம் சேர்த்து வைத்த கேள்விகள் எல்லாம் இருந்தன. நல்லி எலும்பு எங்கே? குச்சியைப் பற்றி ஏன் பொய் சொன்னீங்க? டாக்டர்கள் உங்களுக்கு என்ன கொடுத்து இப்படிப் பேசச் சொல்றாங்க? பிடிபட்ட ஆளின் முன்னால் நிற்கிற மாதிரி நின்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ஆனால் பிடிபட்டது யார் என்பதுதான் சரியாகத் தெரியவில்லை.

“தமயந்தி சொல்லிட்டாளா?” என்றான்.

“அவ ஒண்ணும் சொல்லல. சொர்ணத்துக்கிட்ட அழுதிருப்பா, என்கிட்ட வரல.” இன்னொரு உருண்டையை வைத்து, சாய்த்து, இறக்கி, ஒற்றிவிட்டுப் பேசினார். தனியாகப் பேசும்போது அவர் பேச்சு கொஞ்சம் வழுக்கியது, கூட்டத்தில் சத்தம் போட்டுப் பேசுவதே அதை மறைக்கத்தானோ என்று அவனுக்குத் தோன்றியது. “பாயசத்துக்கு மொத ஆளா உக்கார்ற மனுஷன், இன்னைக்கு மூணு பந்தியை விட்டுட்டு தூணைக் கட்டிக்கிட்டு இருக்கான். இலையைப் பாத்து ஓடுறவன எனக்குத் தெரியாதா? எந்தப் பக்கம்?”

தெய்வேந்திரன் இடது கன்னத்தைத் தொட்டான்.

“எனக்கும் அதே பக்கம்தான். சோடிப்பொருத்தம்.” சவடமுத்து மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். “எலும்பு கடிச்சேன்னு சொல்றது பொய். உனக்கு அது எப்பவோ தெரியும், சிரிக்கிறப்ப உன் கண்ணு சிரிக்காது. கேக்குறவன் நல்லாயிட்டியான்னு கேக்குறான். நல்லாயிட்டேன்னு சொல்லணும்னா இத்தனையும் சொல்லணும். அவனுக்கு அடுத்த பந்தி இருக்கு, சகல. அதுக்கு எலும்புதான் சுருக்கமா இருந்துச்சு.”

“நெசம் என்ன?”

“நெசத்தை நீ நம்ப மாட்ட. நெஞ்சுச் சதையை வாய்க்குள்ள வச்சானுங்களா, அதுல இருந்த மயிரு வாய்க்குள்ள வளந்துச்சு. கரண்ட் வச்சும் ஓரத்துல நாலு நின்னுக்கிச்சு. எப்பவாவது அங்க போயி வாய்க்குள்ள சவரம் பண்ணிட்டு வர்றேன். இதைப் பந்தியில சொல்லவா?”

தெய்வேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வேறு என்னமோ வந்தது, இரண்டையும் சேர்த்து விழுங்கினான். இது பொய்யாக இருக்காது. பொய் சொல்கிறவன் இதைவிட நல்லதாகச் சொல்வான். அப்படியென்றால் அந்த மற்ற மூணு நாலு பேர்? அவர்கள் இங்கேயும் இருந்தார்கள், இந்த வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், பச்சைக் கரைத் துண்டோடு அந்தோணிசாமி முன்வரிசையில். சவடமுத்து அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நீங்க மறுபடியும் போய்ப் படுப்பீங்களா என்று கேட்கலாம். ஆமா என்பார். அதையும் இவன் சந்தேகப்படுவான். இன்னும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கலாம், அது எலுமிச்சம்பழம் அளவு ஆகிறவரைக்கும். சவடமுத்து இலையில் மிச்சமிருந்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி, குனிந்து, அடுத்த உருண்டையை உருட்டினார். இப்படியே போனால் சாப்பிட்டு முடிக்க வெயில் சாய்ந்துவிடும். அவசரமே இல்லாமல், விரல் நுனியில் அது சரியான அளவுக்கு வந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெய்வேந்திரன் மூட்டையிலிருந்து இறங்கி, ஈரத் தரையில், இலைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு கேட்டான்:

“அண்ணே, கொழாய எடுத்ததுக்கு அப்புறம், மொத வாயை எப்படி வச்சுப் பழகணும்?”